வெளியே நின்று பார்த்தால் கறுப்பு: நாஞ்சில் நாட்டுக் கோயில்களும் கலர்க் கண்ணாடியும்

1

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பன்னிரண்டு சன்னல்கள். 'சர்ச்' என்பது பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் வார்த்தை. அகஸ்தீஸ்வரம் வட்டத்துப் பழைய லண்டன் மிஷன் சபைக்காரர்களான எங்களுக்கு அது கோயில்தான். கோயிலைத் திறந்து, கூட்டி, மணியடிக்கிற வேலை என் பாட்டாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குப் பின்னால் நானும் போவேன். சன்னலின் கீழ்ப்பாகம் மரக்கதவு, மேலே கூர்வளைவு. வளைவுக்குள் ஆசாரி இழைத்த மரச்சட்டம் பூவிதழ்போலப் பிரிந்து, ஒவ்வொரு இதழிலும் ஒரு கண்ணாடிச் சில்லு. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். படம் கிடையாது. இயேசு கிடையாது, ஆட்டுக்குட்டி கிடையாது, வெறும் நிறம். வெயில் ஏறஏற அந்த நிறம் எதிர்ச்சுவரிலிருந்து இறங்கித் தரையில் ஊர்ந்து பெண்கள் உட்காரும் பாய்வரை வரும். நீலம் விழுந்த இடத்தில் கையை வைத்தால் செத்தவன் கைபோலத் தெரியும். பயந்துபோய்ச் சிவப்பில் வைத்துக்கொள்வேன்.

சில வருஷங்களுக்கு முன் சபைக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சட்டங்கள் உளுத்துப்போய்விட்டன, மழை உள்ளே அடிக்கிறது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அலுமினியச் சன்னல் வைப்பது. மேலே பன்னிரண்டு சீஷர்களின் படம் அச்சடித்த கலர் ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே உபயம் செய்தவர் பெயர். நான் எழுந்து, 'பழையதைச் சரிசெய்ய முடியாதா' என்று கேட்டேன். ஒருவர் சொன்னார்: "பழசக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருந்தா மழ நிக்குமாடே?" பின்னாலிருந்து ஒரு கிழவி சொன்னாள்: "படம் இருந்தா பிள்ளையளுக்குக் கத சொல்லலாம்லா." இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில் இல்லாமையிலிருந்து தொடங்குகிறது.

2

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்று கலை வரலாறு எதைச் சொல்கிறதோ, அது எங்கள் கோயிலில் இருந்தது அல்ல.

ஐரோப்பிய மரபில் அதன் செய்முறை ஏறக்குறைய எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோஃபிலஸ் என்ற துறவி இதை எழுதிவைத்திருக்கிறார். சுண்ணம் பூசிய பலகையில் சன்னலின் முழு அளவுக்குப் படத்தை வரைவது. அதன்மேல் கண்ணாடியை வைத்து, காய்ச்சிய இரும்பால் கீறி வெட்டுவது (வைரமுனை பிற்காலத்தது). நிறம் என்பது மேலே பூசிய சாயமல்ல, உருகும்போதே கண்ணாடிக்குள் கலந்தது. கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் உலையின் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. முகத்தின் கோடுகளையும் துணியின் மடிப்புகளையும் உலோகத் துருவும் கண்ணாடிப் பொடியும் குழைத்த கறுப்பு மையால் தீட்டி, உலையில் மறுபடி சுடுவார்கள். அறுநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அந்தக் கோடு கண்ணாடியோடு ஒட்டிப்போகும். பதினாலாம் நூற்றாண்டில் வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டு மஞ்சள் வருவிக்கக் கற்றார்கள். 'கறையேற்றிய கண்ணாடி' என்ற பெயருக்கு நேரடிப் பொருள் தருவது இந்த மஞ்சள்தான். பிறகு துண்டுகளை ஈயப்பட்டையின் இரண்டு பக்கக் காடிகளிலும் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த லப்பத்தை இடுக்குகளில் திணித்து, இரும்புக் கம்பியோடு கட்டி நிறுத்துவார்கள்.

இதில் ஈயம்தான் சூட்சுமம். அது வளையும், துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும், வெயில் வரும்போது ஓவியத்தின் கறுப்புக் கோடாகவே மாறிவிடும். எங்கள் கோயிலில் ஈயம் கிடையாது. மரம்தான் அந்த வேலையைச் செய்தது. சுட்ட கோடு கிடையாது, உலையும் கிடையாது. கடையில் கிடைத்த நிறத்தாளைச் சில்லாக வெட்டி, மரக்காடியில் வைத்து, லப்பம் தடவி, சிற்றாணி அடித்த வேலை. கலை வரலாற்றின் கணக்கில் இது 'போலி'. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3

அசல் என்று சொல்லப்படுவது இந்தியாவுக்கு எப்படி வந்தது? கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தின் மேற்குச் சன்னலை வடிவமைத்தவர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ், 1880இல். அந்தமானில் 1872இல் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோவின் நினைவுக்கு அது. 1858இல் அர்ப்பணம் செய்யப்பட்ட பம்பாய் ஆப்கான் சர்ச், முதல் ஆப்கானியப் போரில் செத்தவர்களின் நினைவுக்குக் கட்டியது. கண்ணாடி வில்லியம் வெய்ல்ஸ் பட்டறையினுடையது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன் ஆலயத்தின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்தவை. அந்த உத்திரங்களுக்குக் கீழேதான் வண்ணச் சன்னல்கள் மின்னுகின்றன. புதுச்சேரி திரு இருதய ஆலயத்தில் (1907) இருபத்தெட்டுப் புனிதர்கள் கண்ணாடியில் நிற்கிறார்கள். காலனிய இந்தியாவில் வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் ஒரு நினைவுக்கல். யாருடைய சாவு நினைக்கத் தகுந்தது என்பதை வெயிலைக்கொண்டு எழுதுகிற எழுத்து.

விதிவிலக்காகத் தெலங்கானாவின் மேதக்கைச் சொல்லலாம். பஞ்ச காலத்தில் கூலிவேலையாகக் கட்டி 1924 கிறிஸ்துமஸில் அர்ப்பணித்த பேராலயம். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த கிராமத்துக் கிறிஸ்தவர்கள் நிறைந்த சபை. அதன் மூன்று பெரிய சன்னல்களில் பரமேறுதல் 1927இலும், பிறப்பு 1947இலும், சிலுவை 1958இலும் வைக்கப்பட்டன. பரமேறுதலை வரைந்தவர் பிராங்க் சாலிஸ்பரி, இங்கிலாந்து அரச குடும்பத்தாரைப் படம் வரைந்தவர். 1947 என்ற வருஷத்தைப் பாருங்கள். கொடி இறங்கியது, கண்ணாடி ஏறியது. அதற்காக அந்தச் சன்னலுக்கு முன் முழங்காலிட்டவளின் கண்ணீரை 'காலனிய மயக்கம்' என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். பிரதியை எழுதியவன் ஒருவன், வாசிப்பவள் வேறொருத்தி.

4

நாஞ்சில் நாட்டு லண்டன் மிஷனுக்கு வருவோம். ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். வேதமாணிக்கத்தின் ஊரான மயிலாடியில் 1809இல் கோயில் எழுந்தது. 1819இல் மீட் காலத்தில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சின் வேலை தொடங்கியது. வந்தவர்கள் பெரும்பாலும் சுயாதீன சபை மரபினர், அதாவது இங்கிலாந்தின் பியூரிட்டன்களுக்கு வாரிசுகள். அந்தப் பியூரிட்டன்கள் கண்ணாடியை என்ன செய்தார்கள்? 1640களில் கான்டர்பரி பேராலயத்தின் சன்னல்களை ரிச்சர்ட் கல்மர் என்ற போதகரே ஏணி வைத்து ஏறி உடைத்தார். படம் விக்கிரகம், வசனம் போதும் என்பது அவர்கள் கட்சி. பின்னாளில் இங்கிலாந்தில் இவர்களும் கூர்வளைவுக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் மாறினார்கள் என்பது வேறு கதை. நம்மிடம் வந்துசேர்ந்தது 'கேட்கிற' மதம். அதற்கு வேண்டியது படிக்க வெளிச்சம், பாட மூச்சு, இரண்டும் தருகிற பெரிய சன்னல்.

ஆனால் சன்னல் என்பது இங்கே வெறும் சன்னலாக இருந்ததா? சாமுவேல் மெற்றீர் 1871இல் வெளியிட்ட நூலில் அன்றைய சாணார் சாதியினர்மீது இருந்த தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது, ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது. பெண்கள் தோளை மூட உரிமை கேட்டு நடந்த போராட்டம் 1822இல் தொடங்கி 1859 பிரகடனம்வரை நீண்டது. குனிந்து நுழைகிற ஓலைக் குடிசையிலிருந்து வந்த ஒருத்தி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சன்னல் வைத்த கல்கட்டடத்துக்குள் மூடிய தோளோடு வந்து உட்கார்கிறாள். அவள்மேல் வெயில் விழுகிறது. இது இறையியலுக்கு முன்னால் அரசியல். நிறமற்ற அந்த வெளிச்சத்தை விடவும் பெரிய அலங்காரம் அவளுக்கு அன்று தேவைப்பட்டிருக்காது.

அரசனுக்கோ நிறம் ஏற்கெனவே இருந்தது. நாஞ்சில் நாட்டு எல்லையைத் தாண்டி, தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் அதிகாரம் உட்கார்ந்திருந்த இடம். அதன் மந்திரசாலைச் சன்னல்களில் நிறந்தீட்டிய அப்பிரகத் தகடுகள். நாம் சின்ன வயசில் ஆற்று மணலில் பொறுக்கிய அதே காக்காப்பொன். வெக்கையும் தூசியும் வராது, உள்ளே குளிர்ந்த மங்கல். மந்திரம் பேசுகிறவர்களுக்கு அந்த அரையிருட்டு பொருத்தம். 'குடை கூடாது, செருப்பு கூடாது' என்று ஆண்ட அதிகாரத்துக்கு நிறம் ஒரு திரை. வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது.

5

இந்த இடத்தில் தமிழில் 'கண்ணாடி' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சன்னலில் போடுவது, மூக்கில் மாட்டுவது, முகம் பார்ப்பது மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஊடுருவிப் பார்ப்பதும் தன்னைப் பார்ப்பதும் ஒரே பொருளில் ஒட்டிக்கிடக்கின்றன. மணிமேகலையின் பளிக்கறை நினைவுக்கு வருகிறது. உள்ளே நிற்பவளின் உருவம் வெளியே தெரியும், குரல் வெளியே வராது. உதயகுமாரன் பார்க்கிறான், நெருங்க முடியவில்லை.

மிஷன் கோயில்கள் எழுந்துகொண்டிருந்த அதே அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், சாமித்தோப்பில், இன்னொரு கண்ணாடி வந்தது. வைகுண்டர் (1809–1851) வழியில் வந்த பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. தலைப்பாகை கட்டி உள்ளே போகிறவன் தன் முகத்தையே பார்க்கிறான். அதே சாதி, அதே தடைகள், அதே பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் வேதபுஸ்தகத்தில் விழுகிற வெயில், இன்னொரு பக்கம் கண்ணாடியில் தலைப்பாகையோடு தெரிகிற முகம். வடலூரில் 1872இல் வள்ளலார் ஜோதிக்கு முன் ஏழு நிறத் திரைகளைத் தொங்கவிட்டார். களவங்கோட்டில் 1927இல் நாராயண குரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். வெளிச்சத்துக்கும் முகத்துக்கும் இடையில் என்ன நிற்கிறது என்ற கேள்வியை ஒடுக்கப்பட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். இதை ஐரோப்பியக் கோதிக்கின் அடிக்குறிப்பாக எழுதுவது அறிவு நேர்மை ஆகாது.

6

இந்த அளவுக்குச் சிந்தித்து வைத்துக்கொண்டு, எங்கள் கோயில் சன்னல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கப் போனேன். இங்கிலாந்திலிருந்து ஏதோ ஒரு பெண்கள் சங்கம் அனுப்பியதாக இருக்கும், காணிக்கை, கப்பல், மிஷனரி துரைசானி என்று மனசுக்குள் ஒரு பெருங்கதையாடலே தயாராக இருந்தது. சன்னல் செய்தவரின் மகன், எண்பது தாண்டிய ஆசாரி, திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார்.

"துரைசானியா? நல்லாருக்கு சார். பண்ணையாரு மாடி கட்டும்போ எங்க அய்யாதான் சன்னல் வேல. கலர்க் கண்ணாடி தாள்தாளா வந்தது. வெட்டுனது போக மிச்சச் சில்லு ஒரு பெட்டி. சின்னச் சில்லு ஆருக்கு வேணும்? வெல கொறச்சலாக் குடுத்தாவ. ஒங்க கோயில்ல வெயிலு கூசுதுன்னு மூப்பமாரு சொன்னாவ. பெரிய கண்ணாடி வாங்கத் துட்டில்ல. அதான் சில்லு அளவுக்குச் சட்டத்தப் பிரிச்சி, பூவாட்டம் இழச்சாரு."

"பூ வடிவம் மிஷனரி சொன்னதில்லையா?"

"சில்லு சொன்னது சார்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அந்தப் பண்ணையார் வீட்டு முற்றத்தில் என் பாட்டாவின் அப்பா கால்வைத்தது கிடையாது. அந்த மாடிச் சன்னலின் நிறம் அவர்கள் வீட்டுக்குள்தான் விழும், தெருவுக்கு விழாது. அதன் மிச்சம்தான் எங்கள் பெண்களின் பாய்மேல் விழுந்திருக்கிறது. இதழிதழாகப் பிரிந்த வடிவம் கோதிக்கும் இல்லை, இறையியலும் இல்லை. காசில்லாமையும் ஒரு ஆசாரியின் கைக்கணக்கும் சேர்ந்து கண்டுபிடித்தது. அவர் அம்மன் கோயில் தேருக்கும் வேலை செய்தவர். 'வேற்று மதத்துக் கோயிலுக்கு எப்படிச் செய்தார்' என்று கேட்டதற்குக் கிழவர், "சாமியப் பாத்தா உளி புடிக்கோம்?" என்றார்.

எதிர்த் திசையில் ஒரு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கால்டுவெல்லின் மனைவி எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர், மால்ட் தம்பதியின் மகள். அவருடைய தாய் மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் தொடங்கிய லேஸ் பின்னலில், அடிமைகளாயிருந்த பெண்பிள்ளைகள் கூலி சேர்த்து விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். கால்டுவெல் இடையன்குடிக் கோயிலை முப்பத்துமூன்று வருஷம் எடுத்துக் கட்டினார். 1880இல் அர்ப்பணம். கூர்வளைவுகளுக்கு அவரே களிமண்ணில் மாதிரி செய்துகொடுத்து, உள்ளூர்க் கொத்தர்கள் அதைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்று சொல்வார்கள். அங்கே வடிவம் மேலிருந்து இறங்கியது. எங்கள் ஊரில் கீழேயிருந்து, சில்லிலிருந்து ஏறியது. இரண்டையும் வரலாறு எழுதுகிறவன் ஒரே வரியில் 'கோதிக் பாணி' என்று முடித்துவிடுகிறான்.

7

இந்த இடத்தில் நான் உருகிப்போய் நின்றுவிடக் கூடாது. கட்டடம் விடுதலை தந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். எல்லை தாண்டினால் வடக்கன்குளம். அங்கே 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் கால்சட்டைபோல இரண்டு கூடமாகக் கட்டப்பட்டது. ஒரு காலில் வேளாளர், ஒரு காலில் நாடார், நடுவே சுவர். 1910இல் காசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார், வழக்கு நீதிமன்றம் ஏறியது. சாதி கட்டடத்தின் வரைபடத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்த கதை அது. எங்கள் கோயிலிலும் கலர் வெயில் முதலில் யார் பாய்மேல் விழும், கடைசியில் யார் பாய்மேல் விழும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வாசலோரம் உட்கார்ந்தவர்கள் வேறு தெருக்காரர்கள். சின்ன வயசில் அது எனக்கு ஒழுங்காகத்தான் பட்டது.

வண்ணக் கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. பகலில் உள்ளே இருப்பவனுக்கு அது எரிகிறது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு அதே சன்னல் கறுப்பு, அழுக்கு, ஒன்றுமில்லை. இருட்டிய பிறகு உள்ளே விளக்கேற்றினால் தலைகீழாகும். உள்ளே கறுப்பு, தெருவுக்கு நிறம். பெஞ்சமின் 1933இல், கண்ணாடிப் பொருளுக்கு 'ஒளிவட்டம்' கிடையாது, அது ரகசியத்துக்கும் உடைமைக்கும் எதிரி என்று எழுதினார். 1914இல் கண்ணாடிக் கட்டடக் கனவை எழுதிய ஷேர்பார்ட்டை நினைத்துக்கொண்டு சொன்னது அது. பெஞ்சமினுக்குப் பத்மநாபபுரத்து மந்திரசாலையும் தெரியாது, எங்கள் ஊர்ப் பண்ணையார் மாடியும் தெரியாது. நிறமேறிய கண்ணாடி ரகசியத்துக்கு நல்ல காவல்காரன். கேட்க வேண்டியது கண்ணாடி எதன் எதிரி என்பதையல்ல. விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத்தான்.

அந்தக் கிழவிக்கு வருகிறேன். 'படம் இருந்தால் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம்' என்றது கிட்டத்தட்ட கி.பி. 600இல் போப் கிரகோரி மார்செய் நகரத்து ஆயருக்கு எழுதியதுதான்: எழுத்தறியாதவர்கள் சுவரில் பார்த்துப் படிக்கட்டும். அவள் கிரகோரியைக் கேள்விப்பட்டதில்லை. அவளுக்கு வசனம் வாசிக்கத் தெரியாது. நூற்றைம்பது வருஷமாக 'கேள், கேள்' என்று சொன்ன கோயிலில் அவள் 'பார்க்கணும்' என்கிறாள். அந்த உரிமையை மறுக்க நான் யார்? எனக்கு உறுத்தல் வேறு. ஸ்டிக்கரில் வந்த பன்னிரண்டு பேரும் பழுப்புத் தாடி, நீலக் கண். கலிலேயாக் கடலில் வலை இழுத்தவர்கள் யாரும் அந்த நிறத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நம் கடற்கரையில் மணக்குடியிலோ பள்ளத்திலோ வலை இழுக்கிறவன் அதைவிட நெருக்கமான சாயல். பட்டறையில் சுட்ட கோடாக இருந்தால் ஒரு கை யோசித்திருக்கும், தகராறாவது பண்ணியிருக்கலாம். கம்ப்யூட்டரில் இறக்கி அச்சடித்ததில் தகராறு பண்ண ஆளில்லை. உபயம் செய்தவர்களின் பெயர் பன்னிரண்டும் அடியில் பளிச்சென்று இருக்கிறது. சில்லுக்கு ஏற்பச் சட்டம் பிரித்த ஆசாரியின் பெயர் சபையின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

தீர்மானம் நிறைவேறியது. மழை இப்போது உள்ளே அடிப்பதில்லை, அது உண்மை. வருஷத்துக்குள் மேற்குப் பக்க ஸ்டிக்கர்கள் வெளுக்க ஆரம்பித்தன, அதுவும் உண்மை. கழற்றிய சட்டங்கள் விறகாகப் போயின. குப்பைக்குப் போன கண்ணாடியில் நான் பொறுக்கிய ஏழு சில்லுகள் தினத்தந்தித் தாளில் சுற்றி மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. சிவப்பு மூன்று, மஞ்சள் இரண்டு, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. ஓரத்தில் கெட்டியான லப்பம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு இடத்தில் விரல் அழுத்திய பள்ளம். இழைத்தவரின் கட்டைவிரலாக இருக்கலாம்.

ஆசாரியின் மகனிடம் அதைக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நல்ல சரக்கு சார். இப்பவும் எங்கயாவது வைக்கலாம்." வாசலோரம் உட்காருகிற தெருக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சிறிய ஜெபவீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதவுக்கு மேலே ஒரு துவாரம் விட்டிருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. ஏழு சில்லு அதற்குப் போதும். ஆனால் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை இந்தத் தடவை நான் செய்வதா என்று தயங்குகிறேன். அவர்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.